கவிஞர் வாய்மூட வேண்டிய இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் 'ஜாஸ் பின்னணியில் கவிதை' என்ற கட்டுரையைப் படித்தேன். தமிழில் யாரும் அதிகம் தொடாத விஷயம், எழுதியதற்குப் பாராட்டு. ஆனால் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. 1957-இல் சான் பிரான்சிஸ்கோவின் 'பீட்' என்ற கலகக்கார அணிக் கவிஞர்கள்தான் இதைத் தொடங்கி வைத்தார்கள் என்று எழுதியிருப்பது ஒன்று. தலைப்பிலேயே உட்கார்ந்திருக்கும் 'பின்னணி' என்ற சொல் மற்றொன்று. முதலாவது வரலாற்றுப் பிழை. ஒரு பத்தியில் தீர்ந்துவிடும். இரண்டாவதை நம்பி மேடையேறுகிறவர்கள் கெட்டுப்போகிறார்கள். கடிதம் நீள்வதற்கு அதுவே காரணம்.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் முதல் தொகுப்பு வந்தது 1926-இல். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் லெனாக்ஸ் அவென்யூவில் இரவெல்லாம் பியானோ வாசிக்கும் ஒரு கறுப்பின இசைஞரைப் பற்றிய கவிதைதான் அந்த நூலுக்கே பெயர் தந்தது. அதற்குள்ளேயே கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் பாட்டின் வரிகள் ப்ளூஸ் அமைப்பு குலையாமல் இருக்கின்றன. அதாவது இசை வெளியிலிருந்து வந்து சேருவதற்கு முன்பே யாப்பாக உள்ளே குடியேறிவிட்டது. அதே ஹியூஸ் 1958-இல் தன் கவிதைகளை இசைக்குழுவோடு வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். ஒரு பக்கத்துக்கு லெனார்ட் ஃபெதர் இசையமைத்தார், ரெட் ஆலன் டிரம்பெட் வாசித்தார். மறுபக்கம் சார்லஸ் மிங்கஸின் பொறுப்பு. சான் பிரான்சிஸ்கோவின் கிரீன் தெருவில் 'செல்லர்' என்ற சின்ன நிலவறை விடுதியில் கவிஞர்கள் கென்னத் ரெக்ஸ்ராத்தும் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் ஐந்து பேர் குழுவோடு வாசித்தது 1957. அதே ஆண்டு நியூயார்க்கில் எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கும் இசைஞர் டேவிட் ஆம்ரமும் சேர்ந்து செய்தார்கள். பத்திரிகைகள் இதைக் கவனித்தது அந்த ஆண்டுதான் என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இனி அந்தப் 'பின்னணி'. ரெக்ஸ்ராத்தே 1958-இல் 'தி நேஷன்' இதழில் இதற்குப் பதில் எழுதிவிட்டார். பின்னணி இசையோடு ஒப்புவிப்பது அல்ல இது. குரலும் குழுவில் ஒரு வாத்தியம், அதற்கும் தனியாக வாசிக்கும் நேரமும் எல்லோரோடும் சேர்ந்து வாசிக்கும் நேரமும் உண்டு, குழு மட்டும் வாசிக்கும் நேரமும் உண்டு என்பது அவர் சொன்னதன் சாரம். வாத்தியம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. எந்த சாக்ஸஃபோன்காரர் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஊதுகிறார்? கவிஞர் மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூச்சுவிடாமல் வாசிப்பார், மற்றவர்கள் அடியில் மெத்தை விரிக்க வேண்டும் என்றால், அதற்கு நான்கு கலைஞர்களைக் கூப்பிடத் தேவையில்லை. ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டால் போதும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ப்ளூஸ் அமைப்பு ஒன்றுக்கு 12 பார். பார் என்பது தாளத்தின் ஒரு கட்டம். ஒரு பாருக்கு நான்கு தட்டு. ஆக 48 தட்டு. நம் ஆவர்த்தனம்போல அது திரும்பத் திரும்பச் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஜாஸ்காரர்கள் 'கோரஸ்' என்பார்கள். கூட்டாகப் பாடும் கோரஸ் என்று எடுத்துக்கொண்டால் ஒத்திகையில் பாதி நேரம் குழப்பத்தில் போய்விடும். நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் ஒரு கோரஸ் சரியாக 30 விநாடி. அதில் நான்கு நான்கு பாராக மூன்று அறைகள். ஒவ்வொன்றும் 10 விநாடி. ஓர் அறையில் ஒரு வரி. வரியைச் சொல்ல நிதானமாக 5 விநாடி போகும். மீதி 5 விநாடி உங்களுடையது அல்ல. அந்த இரண்டு பாரில்தான் டிரம்பெட்டோ பியானோவோ பதில் சொல்லும். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடும் இடத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் 21 வரிக் கவிதைக்கு ஏழு கோரஸ், மூன்றரை நிமிடம். நடுவில் ஒரு தனி வாசிப்புக்கு இரண்டு கோரஸ், தொடக்கத்தில் குழு மட்டும் ஒன்று, முடிவில் ஒன்று. மொத்தம் ஐந்தரை நிமிடம். ஐந்தரை நிமிடத்தில் கவிஞர் உண்மையில் பேசுவது ஒன்றே முக்கால் நிமிடம்தான். முதல்முறை இதைக் கேட்கிற கவிஞர்களின் முகம் சுருங்கும். சுருங்கட்டும், ஒத்திகையில் தெரியும்.

ப்ளூஸ் பாடல்களில் முதல் வரி திரும்ப வரும், மூன்றாவது வரி முடித்துவைக்கும். நம் கவியரங்கத்திலும் அடியைத் திருப்பிச் சொல்வது உண்டு, பெரும்பாலும் கைதட்டலுக்காக. ப்ளூஸில் அதற்கு வேறு வேலை. முதல் நான்கு பாரும் அடித்தளம் ஷட்ஜத்தில் நிற்கிறது; ஐந்தாவது பாரில் அது மத்திமத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அதே வரியை அங்கே திருப்பிச் சொல்லும்போது சொல் மாறவில்லை, காலுக்கடியில் தரை மாறியிருக்கிறது. ஒன்பதாவது பாரில் பஞ்சமம். மூன்றாவது வரி அங்கே விழ வேண்டும். இந்த மூன்று இடங்களைக் காதால் அடையாளம் காணத் தெரியாதவர் ப்ளூஸ் அமைப்பில் வாசிக்க வேண்டாம். வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தாளத்தில் கவிஞர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான். பாரின் முதல் தட்டில் வரியைத் தொடங்குவார்கள். நாலு வரி போனதும் அது 'நிலா நிலா ஓடிவா' ஆகிவிடும். முதல் தட்டு, கீழ்ச்சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியமான பேஸை வாசிப்பவருடையது. அதை அவருக்கு விட்டுவிட்டு அதற்குப் பிறகு நுழைய வேண்டும். வரியின் முடிவும் பாரின் முடிவும் ஒன்றாக வரக்கூடாது. இதற்குப் பயிற்சி எளிது. 96 வேகத்துக்கு, தாளம் காட்டும் கருவியான மெட்ரனோமை 48-இல் வைத்து, அது அடிக்கும் ஒவ்வொரு 'டிக்'கையும் இரண்டாவது தட்டு, நான்காவது தட்டு என்று எண்ணிக்கொண்டு கவிதையை வாசிக்க வேண்டும். முதல் நாள் தலை சுற்றும். நான்காம் நாள் வரிகள் தாளத்தின் மேல் உட்காராமல் அதன் மேல் நடக்கத் தொடங்கும்.

தமிழில் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல். ஆங்கிலத்தில் சொல்லுக்குள்ளேயே அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தத்தை இரண்டாம் நான்காம் தட்டுக்கு இழுத்தால் ஸ்விங் என்ற ஜாஸ் ஊசலாட்டம் வந்துவிடும். தமிழில் அப்படிப்பட்ட அழுத்தம் இல்லை. நமக்கு இருப்பது குறிலும் நெடிலும். அழுத்த முயன்றால் வசனம் பேசுவதுபோல ஆகும். நெடிலைத் தட்டின்மேல் படுக்கவைத்து, குறில்களைத் தட்டுக்கு முன்னால் ஓடவிட வேண்டும். 'போயிருக்கலாமே' என்ற சொல்லில் 'போ' ஒரு தட்டு, 'யிருக்க' அடுத்த தட்டுக்குள் ஓடிப்போகும், 'லா' இன்னொரு தட்டு. எழுதும்போதே காதில் கேட்டு எழுதுகிறவர்களுக்கு இது தானாக வரும். அச்சுக்காக எழுதிய கவிதையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டாம் பத்தியில் மூச்சு முட்டும். ஃபெர்லிங்கெட்டி ஜாஸோடு சொல்வதற்கென்றே ஏழு கவிதைகளைத் தனியாக எழுதி, 1958-இல் வந்த தன் தொகுப்பில் தனிப் பகுதியாகவே வைத்தார். அச்சுப் பக்கத்துக்கு எழுதியவையாக அவற்றைக் கொள்ள வேண்டாம் என்று குறிப்பும் போட்டார்.

அதே ஃபெர்லிங்கெட்டிதான் பிற்காலத்தில் சலித்துப்போய், இசைஞர்களோடு போட்டி போடும் கவிஞர் தெருமுனையில் மீன் கூவி விற்பவரைப்போல ஆகிவிடுகிறார் என்று சொன்னார். அனுபவித்துச் சொன்னது. ஏன் அப்படி ஆகிறது என்பது ஒலியைப் பொறுத்தது.

மனிதக் குரலில் ஒலியின் பலம் கீழே இருக்கிறது. சொல் புரிவது மேலே, 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில். மெய்யெழுத்துகள் பிரிந்து கேட்பது அங்கேதான். டிரம்ஸில் ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டு ஓயாமல் தூவும் பளபளப்பு அந்த இடத்தின் மேல்பகுதியில் மணல்போலப் படிகிறது. டெனர் சாக்ஸஃபோனின் அடிச் சுரங்கள் ஏறக்குறைய 100 முதல் 600 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட பேச்சுக் குரலின் வீடு. அதன் கிளைச் சுரங்கள் மேலே ஏறி மெய்யெழுத்துகளையும் மூடும். இரண்டும் சேர்ந்தால் தமிழில் ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்து. சபைக்குப் புரியவில்லை என்று கவிஞருக்குத் தோன்றும், குரலை உயர்த்துவார். டிரம்மருக்குத் தன் சத்தம் கேட்கவில்லை என்று தோன்றும், அவரும் உயர்த்துவார். மூன்றாவது கவிதைக்குள் மீன் சந்தை.

மிக்சரில் கவிஞரின் குரலை மட்டும் ஏற்றுவது மருந்து அல்ல. பேசும்போது டிரம்மர் ரைடைத் தொடக்கூடாது. காலால் இயக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டை இரண்டிலும் நான்கிலும் மூடினால் போதும், கையில் குச்சிக்குப் பதில் பிரஷ். பிரஷ்ஷிலும் ஒரு சூது இருக்கிறது. தோல்மேல் வட்டமாகத் தேய்த்தால் 'ஸ்ஸ்' என்ற ஓசை வரும், அது ச, ஷ ஓசைகளைத் தின்னும். பேச்சு நடக்கும்போது தட்டல் மட்டும், இடைவெளியில் தேய்ப்பு. பியானோவில் இடது கைக்கு விடுமுறை. பேஸ் இருக்கும்போது அது தேவையும் இல்லை. வலது கை நடு 'சி'யைச் சுற்றிக் கும்மாமல், பாருக்கு ஒன்றிரண்டு கூட்டுச்சுரம் போடட்டும். கிராண்ட் பியானோ என்றால் மூடியைக் குட்டைக் கம்பில் நிறுத்துங்கள். டிரம்பெட்டில் ஓசையை அடக்கும் மியூட் செருகினால் நல்லது. சாக்ஸஃபோன் பேச்சின் மேல் வாசிக்கவே வேண்டாம், பேச்சு நின்ற இடத்தில் வாசிக்கட்டும்.

இதற்கு நல்ல பாடம் கெரோவாக் இரண்டு டெனர் சாக்ஸஃபோன்காரர்களோடு, ஆல் கோன், ஜூட் சிம்ஸ் ஆகியோரோடு செய்து 1959-இல் வெளிவந்த ஹைக்கூ பதிவு. மூன்று வரி சொல்கிறார், நிறுத்துகிறார். ஒரு சாக்ஸ் சில விநாடி பதில் சொல்கிறது. அடுத்த மூன்று வரி. இப்போது மற்ற சாக்ஸ். குரலும் வாத்தியமும் ஒன்றையொன்று மிதிப்பதில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: கவிதையில் வரும் பொருளை அவர்கள் ஓசையில் வரைந்து காட்டுவதில்லை. 'ரயில்' என்று சொன்னதும் ஊதல் அடிப்பது, 'மழை' என்றதும் பியானோவின் மேல்கட்டைகளில் துளி துளியாகத் தட்டுவது எல்லாம் பள்ளி ஆண்டுவிழாவோடு போகட்டும். இசைஞர் எடுத்துக்கொள்ள வேண்டியது வரியின் பொருளை அல்ல, அதன் ஏற்ற இறக்கத்தை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் பேஸ் மட்டும். கம்பியை நிமிண்டியதும் சுரம் எழுந்து அடங்கிவிடுகிறது, அடங்கின இடத்தில் மெய்யெழுத்துக்கு இடம் கிடைக்கிறது. அடிச் சுரங்களும் பெரும்பாலும் குரலுக்குக் கீழே. கவிஞர் ஜெய்ன் கோர்ட்டெஸ் 1974-இல் ரிச்சர்ட் டேவிஸின் பேஸை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு இசைத்தட்டு செய்தார். அதைக் கேட்டால் ஐந்து பேர் எதற்கு என்றே தோன்றும்.

மைக்கைப் பற்றிச் சில வார்த்தை. முன்பக்க ஓசையை அதிகம் பிடிக்கும் சாதாரணக் கார்டியாய்டு டைனமிக் மைக் போதும். உதட்டிலிருந்து நான்கு விரல் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். ஒட்டிக்கொண்டால் கீழ் ஓசை வீங்கி, குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் ஒலிபெருக்கியான மானிட்டர், மைக்கின் நேர் பின்னால் இருக்க வேண்டும். இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர்கார்டியாய்டு மைக் என்றால் நேர் பின்னால் வைத்தால் கத்தும், மைக்கின் முன்பக்கத்திலிருந்து 125 டிகிரியில் தள்ளி வையுங்கள். சாக்ஸின் வாய் கவிஞரின் மைக்கைப் பார்க்கக் கூடாது, இரண்டு மீட்டராவது தள்ளி நிற்கட்டும். குழுவில் யாரையாவது பார்க்கத் தலையைத் திருப்பினால் அந்தச் சொல் காணாமல் போகும். கண்ணை மட்டும் திருப்பப் பழக வேண்டும்.

யாரும் கவனிக்காத குற்றவாளி தாள் வைக்கும் ஸ்டாண்டு. தட்டையான இரும்புத் தகட்டைக் கழுத்து உயரத்தில் நிறுத்தினால் குரல் அதில் மோதி ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்து மீண்டும் மைக்குக்குள் போகிறது. நேராக வந்த ஓசையும் திரும்பி வந்த ஓசையும் சேர்ந்து சில ஓசைகளை அழித்துவிடும். குரல் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல மெலியும். ஒலிப்பொறியாளர் ஈக்வலைசரைத் திருகித் திருகிச் சலிப்பார். ஸ்டாண்டை மார்புக்குக் கீழே இறக்கி, ஏறக்குறையப் படுக்கவைத்து, மேலே ஒரு கைத்துண்டைப் போட்டால் சரியாகிவிடும். துண்டு தாளின் சலசலப்பையும் விழுங்கும்.

தாளையும் அதற்கேற்பத் தயார் செய்ய வேண்டும். 16 புள்ளி எழுத்து, வரிக்கு வரி இடைவெளி, ஒரு கவிதைக்கு நடுவில் பக்கம் திருப்பவே கூடாது. வலது பாதியை வெறுமையாக விட்டு, எங்கே எத்தனை பார் காத்திருக்க வேண்டும் என்பதை வட்டத்துக்குள் எண்ணாக எழுதுங்கள். அதே தாளின் நகல் ஒவ்வோர் இசைஞரிடமும் இருக்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முந்தைய இரண்டு சொல்லுக்குச் சிவப்புக் கோடு. அந்த இரண்டு சொல்தான் அவர்களுக்குக் கொடி. மேடையில் உணர்ச்சிவசப்பட்டு அந்தச் சொல்லை மாற்றினீர்களானால், வாத்தியத்தை உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார். மற்ற சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள், சிவப்புக் கோட்டில் கை வைக்காதீர்கள்.

முன்பு சொன்ன வேறு வழி இதுதான். நீண்ட வசன கவிதையைப் பன்னிரண்டு பாருக்குள் அடைக்க முடியாது. அதற்கு 'வாம்ப்': இரண்டு பாருக்கு ஒரு சிறு பேஸ் சொற்கட்டு, ஒரே கூட்டுச்சுரத்தில், நிறுத்தச் சொல்லும்வரை சுழலும். கவிஞர் தாமதித்தாலும் ஓடினாலும் அமைப்பு உடையாது. கொடிச்சொல் வந்ததும் அடுத்த பகுதிக்குத் தாவுவார்கள். எளிது என்பதாலேயே இதில் சோம்பலும் சேரும். நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரே வாம்ப் ஓடினால் சபை கைப்பேசியை எடுக்கும். இன்னொரு சங்கடம், சுழலும் சுரம் வாசிப்பவரின் குரலை இழுத்துக்கொள்ளும். பத்தாவது வரியில் அவர் பாதிப் பாட்டாக இழுக்கத் தொடங்கியிருப்பார், அவருக்கே தெரியாது. ஒத்திகையைக் கைப்பேசியில் பதிந்து கேட்டால்தான் பிடிபடும். பாரும் வேண்டாம், தாளமும் வேண்டாம் என்ற தினுசும் உண்டு. கவிஞர் அமிரி பராகா 1964-இல் நியூயார்க் ஆர்ட் குவார்ட்டெட் என்ற ஜாஸ் குழுவோடு செய்த பதிவில் டிரம்ஸ் தாளக் கணக்கைப் பிடிப்பதே இல்லை. சுற்றிலும் கொதிக்கும்போது அவர் குரல் அதிகம் உயராமல் நிற்கிறது. அது முதல் மேடைக்கு ஏற்றதல்ல.

ஒத்திகை மூன்று போதும், வரிசை முக்கியம். முதல் நாள் வாத்தியமே இல்லாமல் வாசித்துப் பதிவு. எல்லோரும் கேட்டு வேகத்தை முடிவு செய்வது. இரண்டாம் நாள் பேஸோடு. மூன்றாம் நாள் முழுக் குழு. மேடையில் பதற்றத்தால் வேகம் கூடும் என்பதால், ஒத்திகையில் முடிவு செய்த வேகத்துக்கு நிமிடத்தில் நான்கு தட்டு குறைத்தே எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். தனி வாசிப்பு முடிந்ததும் ஜாஸ் சபை கைதட்டும். அந்தக் கைதட்டலுக்குள் அடுத்த வரியைத் தொடங்கினால் அது யாருக்கும் கேட்காது. நான்கு பார், பத்து விநாடி, அங்கேயே நின்றுகொண்டிருங்கள்.

கடைசியாக, முடிவு. பெரும்பாலான நிகழ்ச்சிகள் தடுமாறுவது இங்கேதான். கவிதை முடிந்துவிட்டது, குழுவுக்குத் தெரியவில்லை. ஒருவர் நிறுத்துகிறார், இன்னொருவர் இரண்டு பார் கூட ஓடிவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். யார் முடிப்பது என்பதை முன்பே ஒருவர் தலையில் கட்டிவிட வேண்டும், பேஸ்காரர் பொருத்தமானவர். ஜாஸில் வழக்கமான முறை, கடைசி நான்கு பாரை மூன்று முறை சொல்லி முடிப்பது. கவிதையின் இறுதி வரியும் அதற்கேற்ப மூன்று முறை வரலாம், வரி தாங்குமானால். தாங்காத வரி என்றால் வேறு மாதிரி: கடைசிச் சொல்லுக்கு முன் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும், சொல் தனியாக விழ வேண்டும், அதன்பின் பேஸில் ஒரே ஒரு சுரம். டிரம்மர் சிம்பலைக் கையால் பிடித்துக்கொள்ளட்டும். அந்தச் சுரம் கரைந்து முடிய மூன்று நான்கு விநாடி ஆகும். 'நன்றி' சொல்வதற்காக மைக்கை நோக்கிக் குனிவதை அதுவரை தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை-4